படைவாயிலும் திறனறி அளவுகோலும்

'யானைக்கவுனி' என்னும் பெயரை நாள்தோறும் சொல்லும் நம்மில் பலர், அப்பெயருக்குள் ஒரு மதிலும் வாயிலும் மறைந்து நிற்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. கவுனி என்பது நகர மதிலின் வாயில். பிரெஞ்சுத் தளபதி லாலி 1758ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையை முற்றுகையிட்டதும், அடுத்துச் சில ஆண்டுகளில் ஐதர் அலியின் குதிரைப்படை நகரின் விளிம்புவரை வந்து மீண்டதும் கிழக்கிந்தியக் கும்பினியாரை அச்சத்தில் ஆழ்த்தின. அதன் விளைவாக, அன்று கறுப்பர் நகரம் எனப்பட்ட பகுதியைச் சூழ மதில் எழுந்தது. அம்மதிலில் வைக்கப்பட்ட வாயில்களுள் ஒன்றே யானைக்கவுனி. மதிற்செலவுக்கு மக்களிடம் வரி தண்ட எண்ணியதன் நினைவை 'வால்டாக்ஸ்' என்னும் சாலைப் பெயர் இன்றளவும் சுமந்து நிற்கிறது.

இன்று குன்னூருக்கு அருகில் வெலிங்டனைத் தாயகமாகக் கொண்டு விளங்கும் மதராஸ் ரெஜிமெண்டு என்னும் படைப்பிரிவும் அதே 1758ஆம் ஆண்டையே தன் தோற்ற ஆண்டாகக் கொண்டாடுகிறது. அதன் சின்னத்திலும் ஒரு யானை உண்டு. 1803ஆம் ஆண்டின் அசாயே போரை நினைவூட்டும் யானை அது. மதிலும் படையும் ஒரே காலத்து அச்சத்தில் பிறந்தவை. மதில் பெரும்பாலும் மறைந்துவிட்டது, படை நிலைத்திருக்கிறது. அந்தப் படைக்குள் நுழையவும் ஒரு வாயில் இருக்கிறது. முற்காலத்தில் அது மார்பளவும் உயரமும் குலமும் கேட்ட வாயில். இக்காலத்தில் அது கணினித் திரையில் ஒரு மணி நேரத்திற்குள் விடையளிக்க வேண்டிய வினாக்களின் வாயில்.

இவ்வாயிலை எவர் கட்டுகின்றனர்? எந்த அளவுகோல் கொண்டு கட்டுகின்றனர்? எந்த மொழியில் கட்டுகின்றனர்? இவ்வினாக்கள் உளவியலாளர்க்கும் படைத்துறையினர்க்கும் மட்டுமே உரியவை என்று ஒதுங்கிவிட இயலாது. திறனறித் தேர்வு என்பது திறனை அளக்க வேண்டும். மொழிப் பழக்கத்தையும் வாழ்க்கை வசதியையும் அளந்துவிட்டு, அவ்வளவுக்குத் திறன் என்று பெயர் சூட்டுதல் அறமாகாது. படைக்கும் அதனால் நன்மையில்லை. படைத்தேர்வு தமிழில் வந்துவிட்டது என்று மகிழ்கிறோம். மகிழ்ச்சி நியாயமே. ஆயினும் ஒரு தேர்வைத் தமிழில் பெயர்ப்பது வேறு; தமிழில் ஆக்குவது வேறு. இந்த வேறுபாட்டைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பால் அளந்த காலம்

ஒருவன் போர்த்தொழிலுக்கு ஏற்றவனா என்பதை அறிய வெள்ளையர் ஆட்சி கைக்கொண்ட அளவுகோல் பிறப்பு. 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தலைமை தாங்கியவரும், பின்னர் 1893 வரை இந்தியப் படை முழுமைக்கும் தலைமைத் தளபதியாக இருந்தவருமான ராபர்ட்ஸ் பிரபு, நீண்ட அமைதிக் காலத்தில் தென்னாட்டுச் சிப்பாய் தன் போர்க்குணத்தை இழந்துவிட்டான் என்ற கருத்தில் உறுதியாக இருந்தார். சில இனங்கள் போர்க்குடிகள், பிற இனங்கள் அல்லாதவை என்ற கொள்கை அவர் காலத்தில் படைச்சேர்க்கையின் விதியாகவே ஆயிற்று. வடமேற்கு எல்லையின் மக்களும் நேபாளத்து மலைவாழ் மக்களும் விரும்பிச் சேர்க்கப்பட்டனர். மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டு, 1920களின் முடிவுக்குள் முற்றாகக் கலைந்தன. சுரங்கமும் பாலமும் அமைக்கும் மதராஸ் சாப்பர்கள் மட்டும் எஞ்சினர்.

இக்கொள்கையைச் சோதித்துப் பார்த்தவர் எவர்? ஒருவரும் இலர். ஓர் இனத்து இளைஞர் ஆயிரவரையும் மற்றோர் இனத்து இளைஞர் ஆயிரவரையும் ஒரே பயிற்சிக்கு உட்படுத்தி, யார் எவ்வாறு தேறினர் என்று எண்ணிப் பார்த்து எழுந்த முடிவன்று அது. ஒரு தளபதியின் கண்ணோட்டம் அரசாணையாக மாறியது; அவ்வளவே. இரண்டாம் உலகப் போர் மூண்டு ஆள்தேவை பெருகியபோது அதே ஆட்சி அதே தென்னாட்டை நாடி வந்தது. மதராஸ் ரெஜிமெண்டு மீண்டும் எழுப்பப்பட்டது. எதிரணியில், மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் பால் வடித்துக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர்களும் அவர்தம் மகளிரும் 1943இல் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் திரண்டு சேர்ந்தனர். போர்க்குடிப் பட்டியலில் இடம்பெறாதவர்களின் கைகளிலும் துப்பாக்கி நிலைத்து நின்றது.

விடுதலைக்குப்பின் படைச்சேர்க்கை இந்தியர் அனைவர்க்கும் உரியது என்று அறிவிக்கப்பட்டது. ஆயினும் பல ரெஜிமெண்டுகளின் உள்ளமைப்பில் பழைய வகுப்பு முறை நெடுங்காலம் தொடர்ந்தது. பிறப்பு என்னும் அளவுகோலை வீழ்த்துவதற்கு வேறொரு அளவுகோல் தேவை. அதுவே திறனறித் தேர்வு. இக்காரணத்தாலேயே இத்தேர்வை வெறுத்து ஒதுக்குவது நமக்குப் பொருந்தாது. நேர்மையான தேர்வால் பயன்பெறுவோர் பரிந்துரைக்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளைகளே.

அமெரிக்கப் பாடம்

பெருந்திரளான படைவீரரை வினாத்தாளால் அளக்கும் முயற்சி முதல் உலகப் போரின்போது அமெரிக்காவில் நிகழ்ந்தது. 1917இல் ராபர்ட் எர்க்ஸ் என்னும் உளவியலாளரின் தலைமையில் ஒரு குழு கூடி இரண்டு சோதனைகளை ஆக்கியது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்க்கு 'ஆர்மி ஆல்பா'. படிக்கத் தெரியாதவர்க்கும் ஆங்கிலம் அறியாத குடியேறிகட்கும் படங்களால் ஆன 'ஆர்மி பீட்டா'. போர் முடிவதற்குள் 17 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவற்றுக்கு உட்படுத்தப்பட்டனர்.

நோக்கம் நன்று. ஆனால் வினாக்கள் எவற்றைக் கேட்டன? ஒரு சமையல் கொழுப்பின் விற்பனைப் பெயரை ஆல்பா கேட்டது. ஒரு பேஸ்பால் ஆட்டக்காரரை அடையாளம் காணச் சொன்னது. மொழியே வேண்டாத சோதனை எனப்பட்ட பீட்டாவில், வலையில்லாத டென்னிஸ் ஆடுகளத்தின் படத்தைக் காட்டி, விடுபட்டதை வரையச் சொன்னார்கள். ஒலிக்குழல் இல்லாத இசைத்தட்டுப் பெட்டியின் படத்தைக் காட்டி அதையும் நிரப்பச் சொன்னார்கள். இத்தாலியின் சிற்றூரிலிருந்து கப்பலேறி வந்து, டென்னிஸ் மட்டையைக் கண்ணால் கண்டிராத ஓர் உழவன் மகன் அந்தப் படத்தில் எதை நிரப்புவான்? அவனிடம் இல்லாதது அறிவா, டென்னிஸ் ஆடுகளமா?

குடியேறிகள் அமெரிக்காவில் வாழ்ந்த ஆண்டுகள் கூடக்கூட அவர்கள் பெற்ற மதிப்பெண்ணும் கூடியது என்பதை அக்குழுவின் கணக்கே காட்டிற்று. பிறவி அறிவு குடியிருப்பு ஆண்டுகளால் வளருமா? நேரிய பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆயினும் கார்ல் பிரிகாம் என்னும் அறிஞர் 1923இல் எழுதிய நூலில் இம்மதிப்பெண்களைக் கொண்டு தென் ஐரோப்பிய, கிழக்கு ஐரோப்பிய மக்கள் அறிவில் தாழ்ந்தவர் என்று முடிவு கட்டினார். அத்தகைய எண்ணம் மேலோங்கியிருந்த சூழலிலேயே 1924ஆம் ஆண்டின் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. 1930இல் பிரிகாமே தம் முடிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சட்டமோ நெடுங்காலம் நீடித்தது. தவறான அளவுகோல் ஒன்று எவ்வளவு பெரிய கதவுகளைச் சாத்திவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தேராதூனில் தொடங்கிய முயற்சி

பிரிட்டனில் அதிகாரித் தேர்வு நெடுங்காலம் ஒரு சிறு நேர்காணலாகவே இருந்தது. இளைஞன் எந்தப் பள்ளியில் படித்தான், எந்தக் குடும்பத்தவன் என்பனவே பெரிதும் நோக்கப்பட்டன. அவ்வாறு தேர்ந்தவர் பலர் பயிற்சியில் தோற்கவே, 1942இல் உளவியல் சோதனைகளும் குழுப் பணிகளும் அடங்கிய புதிய தேர்வு வாரியங்கள் அங்கு அமைந்தன. அடுத்த ஆண்டே, 1943இல், இந்தியாவில் தேராதூனில் ஓர் ஆய்வு வாரியம் தொடங்கப்பட்டது. அதுவே பல பெயர் மாற்றங்கள் பெற்று 1982இல் பாதுகாப்பு உளவியல் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரை அடைந்தது. நம் நாட்டுப் படைகளின் தேர்வுமுறைகளை வகுத்த அறிவுக்களம் அது.

இன்று அதிகாரியாக விழையும் இளைஞரும் நங்கையரும் தேர்வு வாரியத்தின் முன் ஐந்து நாட்கள் அளவில் தங்கிச் சோதிக்கப்படுகின்றனர். பதினைந்து விநாடிக்கு ஒரு சொல் வீதம் 60 சொற்கள் காட்டப்பட, ஒவ்வொன்றைக் கண்டதும் மனத்தில் எழுவதை எழுதுகின்றனர். படங்களைப் பார்த்துக் கதை புனைகின்றனர். கயிறும் கட்டையும் கொண்டு குழுவாக இடையூறுகளைக் கடக்கின்றனர். வானூர்தி ஓட்ட விழைவோர்க்குக் கையும் கண்ணும் இயைந்து இயங்குவதைக் காணும் கருவிச் சோதனை தனியே உண்டு. அதில் ஒருமுறை தவறினால் வாழ்நாளில் மறுமுறை வாய்ப்பில்லை. இவ்வளவு கடுமையான விதிக்கு ஈடாக, அச்சோதனை அவ்வளவு துல்லியமாக இருந்தாக வேண்டும் என்பதை விளக்கவும் வேண்டுமோ?

அளவுகோல் ஆக்கப்படும் முறை

தேர்வு எழுதுதல் எளிது. தேர்வு ஆக்குதல் அரிது. ஐம்பது வினாக்களைத் தொகுத்து அச்சிட்டால் அது வினாத்தாள் ஆகலாம், அளவுகோல் ஆகாது. அளவுகோல் ஆக்குவோர் முதற்கண் செய்ய வேண்டியது, பணியை ஆராய்தல். பீரங்கிப் படையாளுக்கு வேண்டிய திறன் எது? செய்தித் தொடர்பாளுக்கு எது? பண்டகசாலை எழுத்தருக்கு எது? வேலை இன்னது, அதைச் செய்பவர் இத்தகையவர், அதற்கேற்ற வேளை இது என்று மூன்றையும் பொருத்திப் பார்க்கும் சிந்தனை நமக்குப் புதிதன்று. திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே இதற்கென அமைந்திருக்கிறது.

அடுத்தது, வினாக்களை வரைந்து, பலதரப்பட்ட இளைஞரிடம் முன்னோட்டம் பார்த்தல். எல்லாரும் சரியாகச் சொல்லிவிடும் வினா யாரையும் பிரித்துக் காட்டாது; எவரும் சொல்லாத வினாவும் அத்தகையதே. மொத்தத்தில் நன்கு விடையளித்தவர் தவறியும், மொத்தத்தில் பின்தங்கியவர் தேறியும் இருப்பின், குறை வினாவிடம் இருக்கிறது. அதைக் களைய வேண்டும்.

மூன்றாவது, நம்பகத்தை ஆராய்தல். இன்று 70 பெற்றவன் அடுத்த திங்களில் 40 பெறுவானாயின் அந்த அளவுகோல் இரப்பரால் ஆனது. நான்காவது, ஏற்புடைமையை ஆராய்தல். தேர்வில் உயர்ந்தவர் பயிற்சியிலும் பணியிலும் உயர்கின்றனரா என்பதை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து நோக்க வேண்டும். தேர்வில் முதலிடமும் பயிற்சியில் கடையிடமும் வாய்க்குமானால், தேர்வு எதையோ அளந்திருக்கிறது, வேண்டியதை அளக்கவில்லை.

ஐந்தாவதே நம் உரையாடலுக்கு உயிரானது: நடுநிலை. மொத்த மதிப்பெண்ணில் சமமாக நிற்கும் இரு குழுவினரை எடுத்துக்கொள்வோம். ஒரு குழுவினர் இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர். மற்றவர் தமிழைக் கொண்டவர். திறனில் சமமான இவ்விரு குழுவினருள் ஒரு சாரார் மட்டும் ஒரு குறிப்பிட்ட வினாவில் தொடர்ந்து தவறுவாராயின், அவ்வினா திறனைத் தவிர வேறெதையோ கேட்கிறது என்பது தெளிவு. கணக்கு வினாவாக இருப்பினும், அதன் சொற்றொடர் ஒரு சாராரைத் தடுக்கியிருக்கலாம். அதில் வரும் பொருள் ஒரு சாராரின் வாழ்வில் இல்லாததாக இருக்கலாம். இத்தகைய வினாக்களைக் கண்டெடுத்து நீக்கும் புள்ளியியல் முறைகள் இன்று நன்கு வளர்ந்துள்ளன. வேண்டுவது மனம்.

பிழையே ஆசானான கதை

ஏற்புடைமையை ஆராய்வதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. தேர்வில் தேறியவரைப் பற்றி மட்டுமே நமக்குப் பின்னர்ச் செய்தி கிடைக்கிறது. தள்ளப்பட்டவர் படையில் சேர்ந்திருந்தால் எவ்வாறு விளங்கியிருப்பார் என்பதை அறிய வழியில்லை. அமெரிக்கப் படைக்கு ஒரு பிழையே அந்த வழியைத் திறந்துவிட்டது.

1976 சனவரியில் அந்நாட்டு முப்படைகளும் பொதுவான ஒரு திறனறித் தொகுதித் தேர்வைப் புதிய வடிவில் கைக்கொண்டன. மதிப்பெண்ணைப் பழைய அளவோடு பொருத்திய கணக்கில் பிழை நேர்ந்தது. தாழ்ந்த மதிப்பெண்கள் உள்ளதைக் காட்டிலும் உயர்வாகத் தோன்றின. 1980இல் பிழை உறுதிப்படும் வரை, விதிப்படி தள்ளப்பட்டிருக்க வேண்டிய 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் படையில் சேர்ந்துவிட்டிருந்தனர். பின்னர் இவர்களின் பணிக்காலத்தை ஆராய்ந்தவர்கள் கண்டதென்ன? சராசரியில் இவர்கள் சற்றுப் பின்தங்கியது உண்மை. எனினும் பெரும்பகுதியினர் தம் பணியை முறையாகவே ஆற்றியிருந்தனர்.

இதிலிருந்து இரு பாடங்கள் கிடைக்கின்றன. தேர்வு பயனற்றதன்று, அதன் மதிப்பெண்ணில் ஓரளவு உண்மை இருக்கிறது. அதே வேளையில், கோட்டுக்குக் கீழே நின்றவரெல்லாம் தகுதியற்றவர் என்பதும் உண்மையன்று. 35க்கும் 34க்கும் இடையில் கோடு கிழிப்பது நிருவாகத் தேவை. இயற்கை அங்குக் கோடு கிழித்து வைக்கவில்லை. கோட்டைக் கிழிப்போர் இந்தப் பணிவோடு கிழிக்க வேண்டும்.

தமிழில் வந்த தேர்வு

இனி நம் ஊருக்கு வருவோம். 2022 சூன் 14 அன்று அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. வீரர்கள் நான்காண்டுக்குச் சேர்க்கப்படுவர். அவருள் 25 விழுக்காட்டினர் வரை நிலையாகத் தொடர்வர். பெருந்தொற்றுக் காலத்தில் படைச்சேர்க்கை நின்றிருந்தது. உடற்தகுதியிலும் மருத்துவத் தகுதியிலும் முன்பே தேறி, எழுத்துத் தேர்வுக்காக நெடுநாள் காத்திருந்த இளைஞர் பலர் இருந்தனர். புதிய திட்டத்தால் அவர்கள் காத்திருந்த தேர்வு நடைபெறாமலே போயிற்று. அந்த இளைஞரின் துயரம் நாடெங்கும் வெளிப்பட்டதை நாம் அறிவோம்.

2023இல் மற்றொரு மாற்றம் வந்தது. முன்பு முதலில் ஓட்டம், பின்னர் எழுத்துத் தேர்வு. இப்போது முதலில் கணினிவழிப் பொது நுழைவுத் தேர்வு. அதில் தேறியவர்க்கே ஓட்டமும் உடற்சோதனையும். இம்மாற்றத்தின் கனத்தைப் பலர் உணரவில்லை. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கடற்கரை மணலில் விடியற்காலையில் ஓடிப் பழகும் இளைஞன் 1.6 கிலோமீட்டரை எவ்வளவு விரைவில் ஓடினாலும், திரையிலுள்ள வினாக்களைத் தாண்டாமல் அவன் ஓட்டத்தைக் காண ஒருவரும் வரமாட்டார். வாயிலின் முழுப் பாரமும் வினாக்களின் மீது இறங்கிவிட்டது. ஆகவே அவ்வினாக்களின் மொழி எது என்பது வெறும் உணர்ச்சிக்குரிய கேள்வியன்று.

இக்கேள்வி அண்மையில் உரத்து எழுந்தது மத்திய ரிசர்வ் காவல்படைத் தேர்வின்போது. 2023 ஏப்பிரலில், 9,212 இடங்களுக்கான அத்தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கும் என்றும், 100 மதிப்பெண்ணில் 25 அடிப்படை இந்திக்கு என்றும் இருந்ததைச் சுட்டிக்காட்டித் தமிழ்நாட்டு முதலமைச்சராக இருந்த மு. க. ஸ்டாலின் ஒன்றிய உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். அவ்விடங்களுள் 579 தமிழ்நாட்டிலிருந்து நிரப்பப்பட வேண்டியவை. அதே திங்களில், மத்திய ஆயுதக் காவல்படைகளின் காவலர் தேர்வு தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளிலும் நடக்கும் என அறிவிப்பு வந்தது. 2024 பிப்ரவரி, மார்ச்சுத் திங்கள்களில் அத்தேர்வு அவ்வாறே நடைபெற்றது. தரைப்படையின் அக்னிவீரர் பொது நுழைவுத் தேர்வும் 2025இல் 13 மொழிகளில் நடந்தது. தமிழோடு தெலுங்கும் உருதும் குஜராத்தியும் அவற்றுள் அடங்கும். யானைக்கவுனியின் தெருக்களில் ஒலிக்கும் மொழிகள் இவையே என்பதை எண்ண மகிழ்ச்சி பிறக்கிறது.

ஆனால் மொழிபெயர்ப்பு என்பது எவ்வளவு வழுக்கும் படி என்பதை நம் மாணவர் 2018இலேயே கண்டனர். அவ்வாண்டின் மருத்துவ நுழைவுத் தேர்வான 'நீட்' தாளில், தமிழில் எழுதியோர்க்கு 49 வினாக்கள் பிழையாகப் பெயர்க்கப்பட்டிருந்தன என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. 'சீட்டா' என்னும் விலங்கு 'சீத்தா' என்று அச்சாகியிருந்தது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்குமாறு ஆணையிட்டது. உச்சநீதிமன்றம் அவ்வாணையை அதே ஆண்டில் நீக்கிவிட்டது. சட்டத்தின் முடிவு எதுவாயினும், தேர்வறையில் அந்தச் சொல்லின் முன் திகைத்து நின்ற நிமிடங்களை மாணவனுக்குத் திருப்பித் தர எந்த மன்றத்தாலும் இயலாது.

சொற்பிழை நீங்கிய தாளிலும் சிக்கல் தீர்ந்துவிடாது. ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்கும் வினா, தமிழில் பெயர்க்கப்பட்டு இரண்டு வரிகளாக நீளலாம். நேரமோ இருவர்க்கும் ஒன்றே. அன்றியும், ஏட்டிலும் கலைச்சொல் அகராதியிலும் மட்டும் உயிர்வாழும் சொற்களைக் கொண்டு இயந்திரவியல் வினா ஒன்றை அமைத்தால், பட்டறையில் வேலை பழகும் இளைஞன் அப்பொருளை அறிந்திருந்தும் அச்சொல்லை அறியாமல் தவறுவான். எண்ணூர்த் தொழிற்சாலைகளிலும் துறைமுகத்திலும் கப்பி, பல்சக்கரம், பாரந்தூக்கி ஆகியவற்றோடு வாழும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு விசையைப் பற்றிய உள்ளுணர்வு இல்லாமற் போகுமா? வலையை இழுத்துச் சுருட்டும் கையில் கயிற்றின் இழுவிசை பற்றிய அறிவு இருக்கிறது. அந்த அறிவைத் தேடிக் கண்டெடுக்கும் வினாவே திறனறி வினா. கடலோரக் காவல்படையின் பொதுப்பணி நாவிக் பதவிக்குக் கணக்கும் இயற்பியலும் படித்த பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்கப்படுகிறது. அது இருக்கட்டும். அலையின் போக்கையும் காற்றின் திசையையும் பத்து வயதிலேயே படித்துவிட்ட மீனவ இளைஞனின் கல்விக்கு எந்தத் தாளில் மதிப்பெண்?

மறுப்புகளும் விடைகளும்

படைக்கு ஒரு பொதுமொழி வேண்டும். ஆணை பிறக்கும் மொழியை அறியாதவன் போர்க்களத்தில் என்ன செய்வான் என்று கேட்பாருண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் மொழி கற்பிக்கத்தக்கது. பயிற்சிக் காலம் அதற்காகவே இருக்கிறது. தமிழும் மலையாளமும் தெலுங்கும் கன்னடமும் பேசி வந்து சேர்ந்த இளைஞர் வெலிங்டனில் இந்தியும் பழகி, தத்தம் மொழியும் மறவாமல் பணியாற்றியே வந்துள்ளனர். உடனே கற்பிக்கக்கூடியதை வாயிலில் நிறுத்திச் சோதித்து, எளிதில் கற்பிக்க இயலாத திறனை வெளியே விட்டுவிடுதல் அறிவுடைமையா?

மொழிதோறும் தேர்வை ஆக்கினால் அளவு ஒன்றாயிராது என்பது இரண்டாவது மறுப்பு. இது அறிவியல் மறுப்பு; அறிவியலிலேயே இதற்கு விடையும் உண்டு. பொதுவான சில வினாக்களை இணைப்புக் கண்ணிகளாக வைத்து, வெவ்வேறு மொழித் தாள்களின் மதிப்பெண்களை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் முறைகள் உள்ளன. உழைப்பு மிகுதி; செலவும் மிகுதி. நாட்டைக் காக்க வருபவனை அளக்கும் செலவில் சிக்கனம் பார்க்க வேண்டியதில்லை.

நான்காண்டுப் பணிக்காக இவ்வளவு ஆராய்ச்சியா என்பது மூன்றாவது. உண்மையில் நான்காண்டுப் பணி என்பதாலேயே இது இரட்டிப்பாகத் தேவைப்படுகிறது. அக்னிவீரன் இருமுறை அளக்கப்படுகிறான்: நுழையும்போது ஒருமுறை, நால்வருள் ஒருவராகத் தேரும்போது மறுமுறை. இரண்டாம் அளவையில் தவறியவன் இளம் வயதிலேயே வாழ்க்கையை மீண்டும் தொடங்க வேண்டியவனாகிறான். எந்தக் காரணத்தால் தான் விடப்பட்டான் என்பதை அவன் அறிய வேண்டாமா?

செய்யத்தக்கவை

முதலாவதாக, வினாக்களைத் தமிழிலேயே வரையும் குழுக்கள் அமைய வேண்டும். உளவியலாளரும் படைப் பயிற்சியாளரும் தமிழறிஞரும் ஒரு மேசையைச் சுற்றி அமர வேண்டும். இரண்டாவதாக, முன்னோட்டம் பல மாவட்டங்களிலும் நடக்க வேண்டும். கொங்கு நாட்டு நெசவூரிலும், நெல்லைச் சீமையின் சிற்றூரிலும், இராயபுரத்து மாநகராட்சிப் பள்ளியிலும் ஒரே வினா ஒரே பொருளைத் தருகிறதா என்று பார்த்த பின்னரே அது தாளில் ஏற வேண்டும். மூன்றாவதாக, ஒவ்வொரு தேர்வுக்குப் பின்னும் மொழிவாரியாக வினாக்கள் எவ்வாறு செயற்பட்டன என்ற ஆய்வறிக்கை வெளியிடப்பட வேண்டும். படையின் மறைபொருளை எவரும் கேட்கவில்லை. அளவுகோலின் நேர்மையைத்தான் கேட்கிறோம். நான்காவதாக, மாதிரித் தேர்வுகள் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். கணினித் திரையையே தேர்வு நாளன்று முதன்முதலாகக் காணும் இளைஞனின் நடுக்கம் மதிப்பெண்ணில் கலந்துவிடலாகாது.

ஐந்தாவது, நம்மைப் போன்ற தமிழ்த்துறைகளுக்குரியது. இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்பதோடு நம் கடன் தீர்ந்துவிட்டதாகக் கருதிவிட்டோம். ஒரு வினாவை இருபொருள் படாமல் தமிழில் அமைப்பது இலக்கணப் புலமையின் உச்சப் பயன் அன்றோ? வேற்றுமை உருபு ஒன்று இடம் மாறினால் விடையே மாறிவிடும் என்பதை நன்னூல் கற்றவரினும் நன்கறிந்தவர் யார்? ஆண்டுதோறும் வெளியாகும் போட்டித் தேர்வுத் தாள்களின் தமிழை எடுத்து ஆராய்ந்து, மயக்கம் தரும் தொடர்களைப் பட்டியலிட்டு, திருத்திய வடிவத்தோடு உரிய தேர்வாணையங்கட்கு அனுப்பும் பணியை ஒரு முதுகலை மாணவர் குழு ஒரு பருவத்திற்குள் செய்துவிட இயலும். பட்டறையிலும் படகுத்துறையிலும் வழங்கும் தொழிற்சொற்களைத் திரட்டி வைப்பதும் அத்தகையதே. ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடி அலையும் மாணவர்க்கு இதைவிடப் பயன்படு பொருள் எங்கே கிடைக்கும்?

கோட்டையும் யானைக்கவுனியும் நடந்தே சென்றடையும் தொலைவில்தான் இருக்கின்றன. இடையிலிருந்த மதிலைக் காலம் இடித்துவிட்டது. மொழியாலும் வசதியாலும் கண்ணுக்குத் தெரியாத புதிய மதிலொன்று அவ்விடத்தில் எழாதிருக்கக் காவல் நிற்பது கற்றவர் கடமை. தகுதியற்றவரை உள்ளே விடுமாறு நாம் கேட்கவில்லை. தகுதியை மட்டுமே கேளுங்கள். கேட்பதை எங்கள் பிள்ளைகளுக்குப் புரியும் தமிழில் கேளுங்கள் என்கிறோம். விடை சொல்ல வடசென்னை இளைஞர் அணியமாக இருக்கின்றனர்.